பரகாத் கிணறு

"கடிகார துரை வந்திருக்கார் லாத்தா," என்று வாசலில் நின்றபடியே சொன்னான் தம்பி ஸாபிர். "மோட்டார் வண்டியில. முடியெல்லாம் பஞ்சாப் போச்சு. ஆனா கை மட்டும் பழையபடி சட்டைப்பையத் தடவிக்கிட்டே இருக்கு, கடிகாரம் இருக்கா இல்லையான்னு."

நுவைரா முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அது நிற்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தச் செய்தி ஒருநாள் வரும், வரும்போது முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து நிற்பேன் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தாள். இப்போது இன்னொரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

"கூட யாரு?"

"நம்ம ஜில்லா அதிகாரிதான். அஸர் தொழுகை முடிஞ்சதும் ரெண்டு பேரும் இங்க டீ குடிக்க வர்றாங்களாம். மச்சானைப் பாக்கணும்னு துரையே கேட்டாராம்."

"கேப்பார். பாதி உயிர எடுத்துட்டுப் போனவர், மீதி எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

ஸாபிர் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வெச்சிருக்கே?" என்றான்.

அவள் மூலையில் இருந்த பருப்புப் பானையைக் கண்ணால் காட்டினாள். பானையின் அடியில், கையகலத் தகர டப்பா ஒன்று இருந்தது. அதை ஸாபிர் கொண்டுவந்து கொடுத்து நாலு மாதமாகிறது. அவள் கணவர் பரகாத்துக்குத் தெரியாது.

"அதிகாரி இருக்கும்போதே எடுத்துடணும் லாத்தா. துரை மட்டும் இருக்கும்போது எடுத்தா பிரயோஜனமில்ல."

"எனக்கா சொல்லித் தர்றே? போய் ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டு."

அவன் போன பிறகுதான், கல்லை முறத்தில் விட்டுவிட்டுப் பருப்பை ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தாள்.

*

பாலைவனத்து ஊரான தாக்லாவில் யாருக்கும் துரையின் கெர்ஷா என்ற பெயர் வாயில் நுழைந்ததில்லை. பன்னிரண்டு குளிர்காலம் விடாமல் வந்தார். மணல் கடலுக்குள் போய், எது எங்கே இருக்கிறது என்று மணலுக்கே சொல்லிக்கொடுப்பவர் போல அளந்துகொண்டு திரும்புவார். மூன்று கடிகாரங்கள் வைத்திருந்தார். காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் மூன்றுக்கும் சாவி கொடுப்பார். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடாது. ஒட்டகம் கத்தினால்கூட முறைப்பார். கடிகாரங்களை வேறு யாரும் தொடக்கூடாது என்பது முதல் நாளே போட்ட சட்டம். ஊர் அவருக்குக் கடிகார துரை என்று பெயர் வைத்தது.

பன்னிரண்டு வருடமும் அவருக்கு வழிகாட்டி பரகாத்தான். வழிகாட்டி என்றால் தாக்லாவில் சாதாரண விஷயம் இல்லை. ஊற்றில் தண்ணீர் மொள்ளப் போனால் வழிகாட்டியின் பெண்டாட்டிக்குப் பெண்கள் விலகி இடம் கொடுப்பார்கள். நுவைரா அந்த விலகலை ஒரு நகை மாதிரி அணிந்திருந்தாள். அப்போது அது அவளுக்குத் தெரியவில்லை. கழுத்திலிருந்து போன பிறகுதான் கழுத்து வெறுமையாக இருப்பது தெரிந்தது.

கடைசிப் பயணத்தில் ஒட்டகக்காரனாக ஸாபிரும் போயிருந்தான். இது பத்து வருடத்துக்கு முந்திய கதை. பதினோராம் நாள் ஒரு ஒட்டகம் சரிவில் உருண்டதில் இரண்டு கடிகாரங்கள் நொறுங்கின. மறுநாள் துரைக்குக் காய்ச்சல் கண்டது. தோல்பைகளில் தண்ணீரும் தீரும் நிலை. முழங்கால்கள் என்று இவர்கள் சொல்லும் இரட்டைக் கருங்குன்றுகளுக்குக் கிழக்கே ஒரு கிணறு உண்டு. அது பரகாத்துக்கு அவர் வாப்பா காட்டிக்கொடுத்தது, வேறு யாருக்கும் தெரியாது. துரையை ஒட்டகத்தில் கட்டி அங்கே கொண்டு சேர்த்தார் பரகாத். நான்கு நாள் அந்தக் கிணற்றடியில் நினைவில்லாமல் கிடந்தார் துரை. நான்கு நாளும் பரகாத் துணியை நனைத்து அவர் வாயில் பிழிந்தார்.

மிச்சமிருந்த ஒரு கடிகாரத்துக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் தினமும் பார்த்த வேலை, பரகாத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும். ஆனால் தொடாதே என்று சொல்லியிருந்தார்கள். தொடவில்லை.

ஐந்தாம் நாள் கண் விழித்த துரை முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி அழுதார். ஓர் இடம் கிழக்கே எவ்வளவு தூரம், மேற்கே எவ்வளவு தூரம் என்பதை அவருக்குச் சொல்வது அந்தக் கடிகாரம்தான். அதில் ஒரு நிமிடம் பிசகினால் வரைபடத்தில் கிணறு ஒரு நாள் பயணம் தள்ளிப் போய்விடும். அழுது முடித்து, சூரியனைப் பார்த்து, குத்துமதிப்பாக முள்ளைத் திருப்பி வைத்தார். பிறகு பரகாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்றார். பரகாத் தாடியில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். சேர்ந்து ரொட்டியைப் பிட்டுத் தின்றவனின் பலவீனத்தை ஊருக்குள் கொண்டுவந்து பேசுவது இவர்களிடம் வழக்கமில்லை.

கிளம்பும் முன் துரை ஒரு காகிதத்தில் என்னவோ எழுதித் தகர டப்பாவில் போட்டார். ஸாபிர் அதன்மேல் கல்லை அடுக்கிக் குவியல் செய்தான். வெள்ளைக்காரர்கள் போகிற இடமெல்லாம் அப்படி ஒரு டப்பாவை விட்டுவிட்டு வருவார்கள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

இதையெல்லாம் நுவைராவுக்குச் சொன்னது ஸாபிர். பரகாத் சொல்லவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் மூன்று பேர் மோட்டாரில் துரை வரைந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு போனார்கள். வரைபடத்தில் கிணறு இருந்த இடத்தில் அவர்களுடைய உடல்கள் இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தன. பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் தோண்டியிருந்தார்களாம். ஒருவன் கையில் தேநீர்க் கோப்பை. அதை வைத்துத் தோண்டியிருக்கிறான்.

விசாரணை வந்தது. தன் நாட்டிலிருந்து துரை ஒரு கடிதம் எழுதியிருந்தார்: நான் காய்ச்சலோடு கூடாரத்தில் கிடந்தேன், கிணற்றை என் கண்ணால் பார்க்கவில்லை, வழிகாட்டி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன இடத்தைக் குறித்துக்கொண்டேன்.

"துரை கிணத்தைப் பாத்தாரா, இல்லையா?" என்று பரகாத்தைக் கேட்டார்கள்.

அவர் தரையைப் பார்த்தார். "கிணறு இருக்கு. வாங்க, காட்டுறேன்," என்றார். அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று பேரைக் கொன்றவன் பின்னால் நாலாவதாக யார் போவது என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஸாபிர் பேசினான். பெண்டாட்டியின் தம்பி வேறென்ன பேசுவான் என்று எழுதிக்கொள்ளவே இல்லை.

அதோடு முடிந்தது. எந்தப் பயணக் கூட்டமும் வழிகாட்டப் பரகாத்தைக் கூப்பிடவில்லை. ஒட்டகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. இப்போது கழுதையில் ஈச்சம்பழம் ஏற்றித் தோப்புக்கும் சந்தைக்கும் நடக்கிறார். ஊற்றங்கரையில் ஒருத்தி ஒருநாள், "நுவைரா, உன் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லேன், ஊத்து எந்தப் பக்கம்னு?" என்றாள். குடம் நிறையும்வரை எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் பரகாத்திடம் கத்தினாள். "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? அவர் உங்க பேரை வித்துத் தன் பேரைக் காப்பாத்திக்கிட்டார். நீங்க யாருக்குக் காவல் இருக்கீங்க?"

"அவர் விட்டுட்டார்னு நானும் விடணுமா?" என்றார் பரகாத். அவ்வளவுதான். அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. துரையை வெறுப்பது எளிதாக இருந்தது. தூரத்தில் இருக்கிறவர். இரவும் பகலும் பக்கத்தில் இருந்துகொண்டு தன் மானத்தைத் தன் வாக்குக்குள் பூட்டி வைத்திருக்கும் மனிதரை என்ன செய்வது? அவருடைய நேர்மைக்கு ஊற்றங்கரையில் தினமும் விலை கொடுப்பவள் அவள். அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால்தான் ஸாபிரைக் கிணற்றடிக்கு அனுப்பினாள். மான் வேட்டைக்கு என்று சொல்லிவிட்டுப் போய், இருபத்தாறு நாள் கழித்து உதடு வெடித்துத் திரும்பினான். டப்பா கையில்.

*

பரகாத் தோப்பிலிருந்து வந்ததும் செய்தியைச் சொன்னாள். அவர் ஒரு நிமிடம் கழுதையின் கழுத்தில் கைவைத்து நின்றார். பிறகு கைகால் கழுவி, மூன்று வருடமாகப் பெட்டியில் கிடந்த வெள்ளைப் போர்வையை எடுத்து உதறினார்.

"மாப்பிள்ளை மாதிரி கிளம்புறீங்க," என்றாள்.

"டீ நல்லாப் போடு. மூணாவது கிளாஸ்ல அவருக்குப் புதினா போடணும்."

மறக்கவில்லை. பத்து வருடத்தில் அதைக்கூட மறக்கவில்லை. அவளுக்கு வந்த எரிச்சல் பொறாமையைப் போலவே இருந்தது.

அவர்கள் வந்தார்கள். கெர்ஷா உண்மையிலேயே கிழவராகியிருந்தார். பரகாத் எழுந்து போய்க் கட்டிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்துச் சிறிது நேரம் நின்றார்கள். துரையின் கண் நனைந்திருந்ததை நுவைரா பார்த்தாள். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அதிகாரி பாயில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நம்ம பரகாத்தைப் பத்தித்தான் வண்டியில வழிநெடுகப் பேச்சு," என்றார்.

"என் நண்பரே, உங்கள் முழங்கால் வலி எவ்வாறு உள்ளது?" என்று கேட்டார் துரை. இத்தனை வருடமாகியும் புத்தகத்தில் படித்த மாதிரிதான் அவருக்குப் பேச வரும்.

"ரெண்டும் இருக்கு துரை. ஒண்ணு நடக்கும், ஒண்ணு கூட வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். விருந்தாளிக்கு மூன்று கிளாஸ் டீ என்பது ஊர் வழக்கம்; நுவைரா முதல் கிளாஸை ஊற்றினாள். துரை குடித்து முடித்து, ஒரு தோல் குழாயிலிருந்து சுருட்டிய தாளை எடுத்துப் பாயில் விரித்தார். நான்கு மூலையிலும் ஈச்சம்பழத் தட்டையும் கிளாஸ்களையும் வைத்து அழுத்தினார்.

"புதிய வரைபடம். இதுவே என் கடைசி வேலை. இதில் உங்களுக்கு ஒரு பரிசு இருக்கிறது." அவர் விரல் தாளின் வெறுமையில் ஓர் இடத்தைத் தொட்டது. "அதிகாரி அவர்களே, படியுங்கள்."

அதிகாரி குனிந்து படித்தார். "பீர் பரகாத்." நிமிர்ந்தார். "பரகாத் கிணறு! யா பரகாத், உன் பேரு அச்சுல ஏறிடுச்சு! ராஜாவுக்குக்கூட இந்தப் பக்கம் ஒரு கிணறு கிடையாது."

பரகாத்தின் முகத்தை நுவைரா பார்த்தாள். அந்த முகம் மலர்ந்ததை அவள் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை. படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைத் தொடப் போன விரல், தொடாமல் அந்தரத்தில் நின்றது. இத்தனைக்கும் அவருக்குப் பேர் வேண்டியிருந்திருக்கிறது. அவளைப் போலவே. அவள் குடம் தூக்கியபோதெல்லாம் அவரும் தனக்குள் ஒரு குடம் தூக்கியிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ள இந்த ஆள் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது.

இரண்டாவது கிளாஸை ஊற்றினாள். பானையைத் திறக்காமலே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"முழங்கால்கள் எங்க இருக்கு இதுல?" என்று பரகாத் கேட்டார்.

துரை காட்டினார்.

"அப்ப கிழக்கு எந்தப் பக்கம்?"

துரையின் கை தயங்கியது. அதிகாரிதான் காட்டினார். "இது கிழக்கு. இது மேற்கு."

பரகாத் இரண்டு குன்றுகளையும் பார்த்தார். தன் பேரைப் பார்த்தார். அது குன்றுகளுக்கு மேற்கே இருந்தது. அந்த மூன்று பேர் கோப்பையால் தோண்டிய அதே இடத்தில். கிணற்றை நகர்த்தினால் ஏன் நகர்த்தினாய் என்று கேட்பார்கள். அதனால் நகர்த்தாமல், தண்ணீரில்லாத மணலுக்குப் பரகாத் என்று பேர் வைத்துக் கொண்டுவந்திருந்தார் துரை. இனி அங்கே போய்ச் சாகிறவர்கள் யார் பேரைச் சொல்லிச் சபித்துக்கொண்டு சாவார்கள் என்று நுவைராவுக்குப் புரிந்தது. பரகாத்துக்கும் புரிந்திருக்கும். மலர்ந்த முகம் அப்படியே இருக்க, அதற்குள்ளிருந்த வெளிச்சம் மட்டும் போய்விட்டது.

"துரை," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த இடத்துல..."

வாய் திறந்திருந்தது. நுவைரா பின்னால் எத்தனையோ முறை அந்தக் கணத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். வாய் திறந்துதான் இருந்தது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருக்கலாம். ஆனால் மூன்று வருடம் பொறுத்தவளுக்கு அந்த ஒரு மூச்சு பொறுக்கவில்லை. பானைக்குள் கையை விட்டு, பருப்பு சிதறச் சிதற டப்பாவை எடுத்து வரைபடத்தின் நடுவில் வைத்தாள்.

"இதையும் படிங்க அதிகாரி ஐயா," என்றாள். "கிணத்தைக் கண்ணால பாக்காதவர் என்ன எழுதியிருக்கார்னு படிங்க."

அதிகாரி டப்பாவைத் திறந்தார். மடிப்பில் கிழிந்த தாளை மெதுவாக விரித்தார். தேதி. நான்கு நாள் இங்கே நோயுற்றுக் கிடந்தேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது. என் வழிகாட்டியால் உயிர் பிழைத்தேன். கீழே கையெழுத்து.

கெர்ஷாவின் கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

"கிணத்தடியில, கல் குவியலுக்குள்ள," என்றான் ஸாபிர். "நான்தான் எடுத்தேன்."

"யார் யார் கூட இருந்தாங்க?"

"யாரும் இல்ல. நானும் ஒட்டகமும்."

துரை நீண்ட மூச்சு விட்டார். மூழ்கப் போனவர் காலில் தரை தட்டிய மாதிரி. "இது என் கையெழுத்துதான்," என்றார், வருத்தமாகவே. "என் கூடாரத்தில் எழுதினேன். கிணறு அருகில்தான் இருப்பதாக வழிகாட்டி கூறினார், நம்பினேன். டப்பா இருந்த இடத்திலேயே இருந்து, வேறொருவர் அங்கே கண்டெடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. இடம்தானே சாட்சி. இப்போது இது..." தேடி ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். "இப்போது இது பருப்புப் பானையில் கிடைத்த காகிதம்."

அதிகாரி ஸாபிரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "முட்டாப்பயலே, பாத்துட்டு அப்படியே விட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லியிருக்கக்கூடாதா?" பிறகு பரகாத்தின் பக்கம் திரும்பினார். "சரி. நீ சொல்லு. இதை அவர் எங்க உட்கார்ந்து எழுதினார்?"

பரகாத் அவரைப் பார்க்கவில்லை. துரையையும் பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லைக் கலைச்சியா?" என்றார் ஸாபிரிடம்.

"மச்சான், அது நம்ம வழிக்கல் இல்லையே. துரையோட கல்லு..."

"கல்லு யாரு அடுக்கினா என்னடா? ஒருத்தன் அதைப் பாத்து நடப்பான்ல? கலைச்சியா, இல்லையா?"

ஸாபிர் தலை குனிந்தான். பாலையில் பகையாளிகூட வழிக்கல்லைத் தொடமாட்டான். விளையாட்டுக்கு ஒரு கல்லை நகர்த்திய பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, இரண்டு நாள் திரும்பி நடந்து அதே இடத்தில் கல்லை வைத்துவிட்டு வந்த தகப்பனை நுவைராவுக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினாள். துரையின் குவியல் கணக்கில் வராது என்று அவளும் நினைத்தாள், அல்லது நினைத்துக்கொள்ள விரும்பினாள்.

"யாரு அனுப்பினது?" என்றார் பரகாத்.

"நான்தான்," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை. ஒரே வண்டியில் வந்த ஆள் எப்போதோ இறங்கிப் போய்விட்டதை இப்போதுதான் கவனித்தவர் போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு வாயை மூடிக்கொண்டார். அதிகாரி இன்னும் இரண்டு முறை கேட்டார். பரகாத் காலி டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினார்.

மூன்றாவது கிளாஸை யாரும் கேட்கவில்லை. அவளும் ஊற்றவில்லை. போகும்போது துரை காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அவருடையதுதானே. டப்பாவையும் வரைபடத்தையும் விட்டுவிட்டுப் போனார். வாசலில் நின்று, "உங்கள் பெயர் என்றும் இருக்கும் பரகாத்," என்றார். அவர் அதை நம்பிச் சொன்னதாகவே நுவைராவுக்குத் தோன்றியது.

*

மறுநாள் காலை பரகாத், ஸாபிரின் ஒட்டகத்தைக் கேட்டு வாங்கிவந்தார். தண்ணீர்ப் பைகளை ஒவ்வொன்றாக ஊதி ஓட்டை பார்த்தார். காலி டப்பாவைத் துணியில் சுற்றிக் கட்டினார்.

"எங்க?" என்றாள்.

"முதல்ல என் பேரு இருக்கிற இடத்துக்கு. அங்க கல்லடுக்கி, கிழக்கே போன்னு குறி வைக்கணும். வழி நெடுக வைக்கணும், ஒரு நாள் தூரம். அப்புறம் கிணத்தடிக் குவியலைத் திரும்ப அடுக்கணும்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? தனியாவா?"

"என் பின்னால யார் வருவா?"

கசப்பாகச் சொல்லவில்லை. கழுதைக்குப் புல் போடச் சொல்வதைப் போலச் சொன்னார். அவள் ரொட்டி சுட்டாள். இருபத்தாறு நாளுக்கு வேண்டிய ரொட்டி, காய்ந்து கல்லாகும்வரை அடுப்பில் வைத்து எடுத்தாள். பையில் அடுக்கும்போது, கேட்கக்கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நேத்து வாயைத் தொறந்தீங்களே. அந்த இடத்துலன்னு. என்ன சொல்ல வந்தீங்க?"

பரகாத் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு இறுகியதா என்று தட்டிப் பார்த்தார்.

"டீல சீனி பத்தலைன்னு சொல்ல வந்தேன்," என்றார்.

ஒட்டகம் எழுந்தது. அவர் அதன் முன்னால், ஒரு கால் நடக்க ஒரு கால் கூட வர, தோப்பைத் தாண்டி நடந்தார். நுவைரா உள்ளே வந்தாள். தரையில் நேற்றுச் சிதறிய பருப்பு இன்னும் அப்படியே கிடந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.